முட்டுக்காட்டுக் கொசு

எங்கள் வீட்டில் கொசுவைப் பற்றிப் பேசும்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். மற்ற வீடுகளில் அது ஒரு தொல்லை. எங்கள் வீட்டில் அது ஒரு துறை. அந்தத் துறைக்கு அப்பா பொறுப்பு. மறைமலைநகரில் காருக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். பொருள் ஒன்று பழுதாகி வந்தால், அந்தப் பழுது எந்த இடத்தில் நுழைந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. வீட்டுக்கு வந்தும் அதையே செய்தார்.

எல்லாம் சித்திக்காக. அம்மாவின் தங்கை. மதுராந்தகத்துக்கு உள்ளே இருந்த கிராமத்திலிருந்து வந்து, எங்கள் பக்கத்திலேயே ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை கிடைத்ததால், எங்களோடு தங்கியிருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். சித்திக்குக் கொசுக்கடி ஆகாது. மற்றவர்களைக் கடித்தால் கடுகளவு தடிக்கும், கொஞ்சம் சொறிந்தால் மறந்துபோகும். சித்தியைக் கடித்தால் அந்த இடம் அதிரசம் மாதிரி எழும்பி நிற்கும். கண்ணருகே கடித்தால் கண் மூடிக்கொள்ளும். ஒரு முறை உதட்டில் கடித்து, இட்லியைப் பாலில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, சிலர் உடம்பு இப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை, கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டோம். கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றதை அப்பா மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் காலி மனைகள். ஐப்பசியில் பெய்த மழை மாசி வரைக்கும் அங்கே நிற்கும். அதை அப்பாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்ததையெல்லாம் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஜன்னல்களுக்கு வலை அடித்தார். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் சின்ன டப்பா, மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய் ஓடு, இவற்றையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கவிழ்த்துக் காய வைப்பது என் வேலை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வாசல் கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகு வரும் விருந்தாளி உள்ளே நுழைவதற்குள் அப்பா கொசு அடிக்கும் பேட்டை எடுத்துக்கொண்டு அவர் தோளுக்கு மேலே இரண்டு வீசு வீசுவார். சிலர் கோபித்துக்கொண்டதும் உண்டு. சித்திக்கு மட்டும் தனிக் கொசுவலை, முழுக்கை சட்டை, தடவிக்கொள்ளும் கிரீம். இத்தனைக்கும் அப்பாவும் சித்தியும் அதிகம் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அப்பாவைப் பொறுத்தவரை வலையின் மூலைகள் பாயின் கீழ் ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தால் பேசவேண்டியதெல்லாம் பேசியாயிற்று.

அந்த வருஷம் தை பிறந்ததும் சித்திக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு மறுபடி எழுந்தது. மறுபடி என்று சொல்லக் காரணம், அதற்கு முன் வந்த இரண்டு இடங்களை அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் ஏன் என்று கேட்பார்கள், அவள் சொல்லும் காரணத்தை எல்லோருமாகச் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்துவிடுவார்கள். முதல் இடம் வந்தபோது பரீட்சை எழுதப் போகிறேன் என்றாள். கல்யாணமாகியும் எழுதலாம் என்றார்கள். அதற்குள் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதால் தப்பினாள். இரண்டாவது இடம் வெளிநாடு. அவ்வளவு தூரம் போக மாட்டேன் என்றாள். அதைத் தாத்தாவே ஒப்புக்கொண்டார். இந்த மூன்றாவது இடத்தில்தான் காரணம் சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. பையனுக்கு ஒரகடத்தில் வேலை. வீடு திருக்கழுக்குன்றம் பக்கம். கல்யாணமான பிறகும் வேலைக்குப் போகலாம் என்று அவர்களே சொல்லியனுப்பியிருந்தார்கள். குறை என்று தேடினாலும் கிடைக்காத இடம் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி அப்போது மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாமாதான் இதையெல்லாம் ஏற்பாடு செய்தவர். அம்மாவுக்கு அண்ணன், சொந்தமாக வேன் வைத்து வாடகைக்கு ஓட்டினார். வீட்டுக்கு வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுப் பெண் பார்ப்பதெல்லாம் பழைய காலம், இரண்டு குடும்பமும் மாமல்லபுரத்தில் சுற்றிப் பார்க்க வந்த மாதிரி சந்தித்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. அதோடு இன்னொரு யோசனையும் வைத்திருந்தார். காலையில் மறைமலைநகரில் கிளம்பி வெயிலில் போய் இறங்கினால் பெண்ணுடைய முகம் வாடிவிடும். முதல் நாளே போய் முட்டுக்காட்டில் தங்கினால் நல்ல காற்று, நல்ல தூக்கம், காலையில் முகம் பளிச்சென்று இருக்கும். அவருடைய வாடிக்கைக்காரர் ஒருவருக்குக் கழிமுகத்தை ஒட்டி ஒரு வீடு இருந்தது. எப்போதும் பூட்டித்தான் கிடக்கும். சாவி வாங்கிவிட்டார்.

அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"தண்ணி ஓரமா?"

"உப்புத் தண்ணி, மச்சான். அதுல கொசு ஏது? காத்து அடிக்கற அடியில கொசு நிக்குமா?" என்றார் மாமா.

அப்பா ஒரு பையை எடுத்து நிரப்பத் தொடங்கினார். மடக்கு வலை, கொசுவர்த்திச் சுருள், பிளக்கில் சொருகும் கொசு மெஷின் இரண்டு, பேட், கிரீம், சித்தியின் மாத்திரை, வலைக் கிழிசலை ஒட்ட டேப். என்னைக் கூப்பிட்டு, சாயந்தரம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் சித்தியை விட்டு நகராதே, கிரீம் போட்டிருக்கிறாளா என்று பார்த்துக்கொள் என்றார். எனக்கு உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வீடு நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கம் நாலைந்து படி இறங்கினால் தண்ணீர். தூரத்தில் படகுத்துறையிலிருந்து மோட்டார் படகுகள் சத்தத்தோடு போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. மாமா எல்லோரையும் படகுக்குக் கூட்டிப்போனார். சித்தியை மட்டும் வெயில் படும் என்று கூரை போட்ட படகில்தான் ஏறவிட்டார். திரும்பி வந்ததும் அப்பா வேலையை ஆரம்பித்தார். கிணற்றடியில் ஒரு சிமெண்ட் தொட்டி மழைத் தண்ணீரோடு கிடந்தது. குனிந்து பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். காற்புள்ளி மாதிரி சின்னச் சின்னப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிந்தன. உப்புத் தண்ணீரில் கொசு இல்லைதான். அதற்கு வீட்டுக்காரர் நல்ல தண்ணீர் வைத்திருந்தார். அப்பா தொட்டியைச் சாய்த்துக் கொட்டினார். ஆனால் வளர்ந்து பறந்துபோனவற்றைச் சாய்த்துக் கொட்ட வழியில்லை. உள்ளே போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தார்.

வெளிச்சம் மங்கும்போது சித்தி பின்படியில் போய் உட்கார்ந்தாள். நானும் என் உத்தியோகப்படி பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா சொன்னதைச் சொல்லி, கிரீமை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பிதுக்கி, என் கையில் தடவினாள், காலில் தடவினாள், காதுக்குப் பின்னால், கழுத்தில், பாவாடை விளிம்பு தொடும் கணுக்காலில் என்று ஓர் இடம் விடாமல் தடவினாள். அவ்வளவு பொறுமையாக அதற்கு முன்னும் பின்னும் யாரும் எனக்குத் தடவியதில்லை. பிறகு மூடியைத் திருகிக் கீழே வைத்தாள்.

"உனக்கு?" என்றேன்.

"அப்பறம் போட்டுக்கறேன்."

முழுக்கை சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டாள். புழுக்கம் என்று சொன்னாள். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. தண்ணீருக்கு அந்தக் கரையில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை வீசிக்கொண்டிருந்தார். வலை விரிந்து விழுவதையே சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. நான் கையை ஓங்கினேன். அடிப்பதற்குள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடு. தானா போயிடும்."

போகவில்லை. அதன் வயிறு சிவந்து உருண்டு வருவதை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். சித்தி முகத்தை அசைக்கவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்த கை மட்டும் கொஞ்சம் இறுகியது. அது பறந்துபோன பிறகு இன்னொன்று வந்தது, கண் இமைக்குக் கீழே. உள்ளேயிருந்து அம்மா கூப்பிடும்வரை அங்கேயே இருந்தோம். உள்ளே போனதும் சித்தி நல்ல பிள்ளையாக வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்பா அதன் மூலைகளைச் செருகிவிட்டு, சுற்றி வந்து ஒரு முறை பார்த்தார்.

காலையில் அம்மா போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன்.

"இன்னாடி இது மூஞ்சி?"

சித்தியின் இடது கண் இருந்த இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது. கன்னம் கண்ணை நோக்கி ஏறியிருந்தது. மேலுதட்டில் ஒரு பக்கம் தூக்கி, எதையோ சொல்ல வந்து நிறுத்தியது போல இருந்தது. கண்ணாடி பார்க்கவேண்டும் என்று கேட்டாள். கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

அதன்பிறகு அந்த முகம் அவளுடையதாக இல்லை, எல்லோருடையதும் ஆகிவிட்டது. அம்மா, வீடு பார்த்துக்கொள்பவரின் மனைவியிடம் சுண்ணாம்பு வாங்கிவந்து வீக்கத்தின் மேல் வட்டமாகத் தடவினாள். அது காய்ந்து எரிகிறது என்றதும் துடைத்துவிட்டு, மாமா டூத்பேஸ்ட் போடச் சொன்னார். லாரி டிரைவர்கள் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்களாம். சுண்ணாம்பு கொடுத்தவள், அதெல்லாம் கேட்காது என்று ஒரு வெங்காயத்தை வெட்டிக் கொண்டுவந்து தேய்த்தாள். அப்பா மட்டும், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஈரத்துணி வையுங்கள், சொறிய விடாதீர்கள், மாத்திரை கொடுங்கள், அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதில் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அது தூக்கம் வரும் மாத்திரை. கடைசியில் சித்தி வெங்காய வாசனையோடு, வெள்ளைத் தீற்றல்களோடு, உட்கார்ந்த இடத்தில் தலை சாய்ந்துகொண்டிருந்தாள்.

"வரச்சொல்லிட்டு வரலன்னா நல்லாருக்காது. போயிட்டுதான் ஆவணும்" என்றார் மாமா.

சித்திக்குப் புடவை கட்டிவிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா கொசுவலையை அவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அகலம் கை அகலமாக நகர்த்தி, தையல் ஓரம்வரை பார்த்தார்.

"ஓட்டை எதுவும் இல்ல. உள்ள வந்து கடிக்கல" என்று எனக்கோ தனக்கோ சொல்லிக்கொண்டார். பிறகு கிரீமை எடுத்து அமுக்கிப் பார்த்தார். "நேத்து சாயந்தரம் இத யாரு போட்டுக்கினது?"

"சித்தி எனக்குப் போட்டு வுட்டுச்சிப்பா."

"சித்தி?"

"அப்பறம் போட்டுக்கறேன்னு சொல்லிச்சி."

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதையும் சொல்ல வாய் திறந்தேன். அவர் அதற்குள் கிரீமைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பழுது எங்கே நுழைந்தது என்று தெரியாமல் அவர் ஒரு விஷயத்தை விட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. வேனுக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்தேன்.

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு எதிரே புல்தரையில் சந்திப்பதாக ஏற்பாடு. அவர்கள் முன்பே வந்திருந்தார்கள். பையனும் அவனுடைய அம்மாவும், கூட ஒரு பெரியவரும். பையன் இஸ்திரி கலையாத சட்டை போட்டிருந்தான். வந்ததும் எனக்குத் தேங்காய் மாங்காய் போட்ட சுண்டல் வாங்கிக் கொடுத்தான். அந்தக் கணமே நான் அவனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். சித்தி தலையைக் குனிந்துகொண்டே வந்து உட்கார்ந்தாள். யாரோ நிமிரச் சொன்னதும் நிமிர்ந்தாள். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாறையைப் பார்த்தார். மாமா, எந்த ஊரிலும் இல்லாத அளவுக்கு முட்டுக்காட்டில் கொசு இருப்பதாகவும், பெண் இயற்கையில் இப்படி இருக்க மாட்டாள் என்றும் பேசிக்கொண்டே போனார். அம்மா பையிலிருந்து போட்டோ எடுத்துக் காட்டினாள். எதிரிலேயே இருக்கும் ஒருத்தியை அவளுடைய போட்டோவை வைத்து நிரூபிக்கவேண்டியிருந்தது.

பையனின் அம்மா போட்டோவை வாங்கவில்லை. எழுந்து வந்து சித்தியின் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, மூஞ்சில ஒரு சமையலே நடந்துகீது. எய்ந்து வா, கய்வலாம்."

வேண்டாம் என்று யாரும் சொல்வதற்குள் சித்தியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தாள். உத்தியோகம் இன்னும் முடியவில்லை என்று நினைத்து நானும் சுண்டலோடு பின்னால் போனேன். மரத்தடியில் ஒரு குழாய் இருந்தது. சித்தியை உட்கார வைத்து, தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பிடித்து, சுண்ணாம்பும் பேஸ்ட்டும் போகும்வரை மெதுவாகக் கழுவினாள். என்னை அனுப்பி ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிவரச் சொன்னாள். அதைத் தன் கைக்குட்டையில் முடிந்து, கன்னத்தில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். மேலே பாறையில் ஆடுகள் ஏறி நின்றன. சித்தி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து கண்ணாடி பார்த்தும் அழாதவள், வீக்கம் குறைய ஒருத்தர் வைத்தியம் செய்யும்போது அழுகிறாளே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

"ரொம்ப வலிக்குதா?"

சித்தி தலையசைத்து இல்லை என்றாள். பிறகு என்னவோ சொன்னாள். வாய் வீங்கியிருந்ததாலும் அழுகையாலும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்ட அந்த அம்மாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. ஐஸ் உருகி அவள் முழங்கை வழியாகச் சொட்டியது.

"எம் புள்ள மேல ஏதாச்சும் கொறை காதுல வுயுந்துச்சா?"

"இல்லமா. அவரு நல்லவருதான்."

"அப்றம் இன்னாத்துக்கு?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாவும் மறுபடி கேட்கவில்லை. கைக்குட்டையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, இந்த முறை கண்ணுக்குக் கீழே வைத்தாள். வைத்தபடியே சொன்னாள்.

"சரி. எங்க வூட்ல நான் சொல்லிக்கறேன். உங்க வூட்ல நீதான் சொல்லணும். அதுக்கு நான் வர முடியாது."

ஐஸ் வைத்தால் வீக்கம் வற்றும் என்பதைத்தான் இரண்டு வீட்டிலும் சொல்லப் போகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்பா காலையிலேயே ஈரத்துணி வைக்கச் சொல்லிவிட்டாரே, அதற்கு எதற்கு இவ்வளவு யோசனை என்றும் நினைத்தேன்.

திரும்பி வந்ததும் அந்த அம்மா எல்லோரிடமும், பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மகனைக் கிளப்பினாள். போகும்போது என் அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அம்மாவின் முகம் தெளிந்தது.

வேனில் மாமா உற்சாகமாகத்தான் இருந்தார். "பாத்தியா, எவ்ளோ தங்கமான மனுசி. வேற யாராச்சும் இருந்தா இந்த மூஞ்சியப் பாத்துட்டு அப்டியே போயிருப்பாங்கோ. வீக்கம் வத்தட்டும், அடுத்த வாரமே கூப்ட்றலாம்."

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை சித்தி ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம்.

"கூப்ட வேணாண்ணா" என்றாள்.

"இன்னாது?"

"இந்த எடம் வேணாம்."

"ஏன்?"

"பிடிக்கல."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"பிடிக்கல."

அந்த வார்த்தையை அவள் அதற்கு முன் எங்கள் வீட்டில் தனியாகச் சொன்னதில்லை. எப்போதும் அதற்கு முன்னால் ஒரு காரணத்தை நிறுத்திவைப்பாள். இப்போது எல்லோரும் காரணத்துக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. அம்மா மெல்ல அழத் தொடங்கினாள். மாமா ஒரு புளியமரத்தடியில் வேனை ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அப்டின்னா வேணும்னேதான் போயி கொசுவாண்ட மூஞ்சியக் குட்த்துக்கினு ஒக்காந்தியா?"

மாமாவின் பார்வை என் பக்கம் வந்தது.

"நீதான கூட இருந்த. சொல்லு. இன்னா பண்ணிக்கினு இருந்தா உங்க சித்தி?"

எனக்கு எல்லாம் தெரியும். கிரீம், சுருட்டிய சட்டைக்கை, மணிக்கட்டு எல்லாம். ஒருவர் என்னிடம் கேட்டு, எனக்கு விடையும் தெரிந்திருந்த சந்தர்ப்பங்கள் அந்த வயதில் குறைவு. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

"கொயந்தைய ஏன் கேக்கற" என்றார் அப்பா. அன்று முழுக்க அவர் மாமாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். "வலையில ஓட்டை இருந்துது. ராத்திரி உள்ள பூந்துடுச்சி. நான்தான் சரியா பாக்கல."

"இல்லப்பா, ஓட்டை இல்லன்னு நீங்கதான..."

"இருந்துது. மூலையில இருந்துது. உக்காரு."

உட்கார்ந்தேன். மாமா அப்பாவைப் பார்த்தார். தங்கை புருஷனைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. எஞ்சினைக் கிளப்பினார். அப்பா தன் துறையில் ஒப்புக்கொண்ட ஒரே பழுது அதுதான், அதுவும் இல்லாத பழுது. அவருக்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரமே பையன் வீட்டிலிருந்து தகவல் வந்தது, ஜாதகத்தை வேறு ஓரிடத்தில் காட்டினோம், சரியாக வரவில்லை என்று. அம்மா அதை நம்பவில்லை. பெண்ணுடைய முகத்தைப் பார்த்துத்தான் நழுவிவிட்டார்கள் என்று முடிவுசெய்தாள். நல்ல இடம், கொசு கடித்துக் கெட்டுப்போயிற்று என்று உறவினர் எல்லோரிடமும் சொன்னாள். பிடிக்கவில்லை என்று ஒரு பெண் சொன்னதாகச் சொல்வதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கவேண்டும். நானும் நெடுநாள் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். தாத்தா சில மாதம் சித்தியோடு பேசவில்லை. பிறகு பேசினார். சித்தி இன்னும் சில வருஷம் எங்கள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போனாள். பிறகு தனக்குப் பிடித்ததாகச் சொன்ன ஓரிடத்தில் கல்யாணம் செய்துகொண்டு கல்பாக்கம் பக்கம் போனாள். அதற்கும் ஏன் என்று கேட்டார்களாம். அதற்கும் அவள் காரணம் சொல்லவில்லையாம்.

எனக்கும் கொசுக்கடிக்கு அழும் பிள்ளை ஒன்று பிறந்த பிறகு ஒரு நாள், அந்தக் குழாயடியில் அந்த அம்மாவிடம் என்னதான் சொன்னாய் என்று சித்தியைக் கேட்டேன். மூஞ்சி வீங்கட்டும் என்று நானேதான் போய் உட்கார்ந்தேன், உங்களை அலைய வைத்துவிட்டேன் என்று சொன்னாளாம். அந்த அம்மா திட்டியிருந்தால் அழுகை வந்திருக்காது என்றாள். அப்பாவிடம் இதைப் பற்றி எப்போதாவது பேசினாயா என்று கேட்டதற்கு, இல்லை, அவரும் பேசவில்லை என்றாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் எனக்கு இதெல்லாம் தெரியாது. திங்கட்கிழமை காலை வீக்கம் பாதிதான் வற்றியிருந்தது. கண் கொஞ்சம் திறந்திருந்தது, கன்னம் சிவந்து மினுமினுத்தது. லீவு போடச் சொல்லி அம்மா மன்றாடினாள். சித்தி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கம்பெனி பஸ் தெருக்கோடியில் வரும். அந்நேரத்துக்கு அங்கே பாதி மறைமலைநகரே நின்றுகொண்டிருக்கும். அவள் போன பிறகுதான் பார்த்தேன், துப்பட்டா நாற்காலியிலேயே கிடந்தது. முகத்தை மூடிக்கொள்ள அதை எடுக்க மறந்துவிட்டாள் என்று பதறி, எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

நான் போனபோது பஸ் வந்து நின்றிருந்தது. ஜன்னல்களிலிருந்து தலைகள் அவளையே பார்த்தன. சித்தி நிமிர்ந்து, அந்த முகத்தோடு, வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். மூச்சிரைக்கத் துப்பட்டாவை நீட்டினேன்.

"மறந்துட்டியே" என்றேன்.

சித்தி வீங்கிய உதட்டால் முடிந்தவரை சிரித்தாள். துப்பட்டாவை வாங்கி, நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறிப் போனாள். அவளுக்கு மாத்திரைத் தூக்கம் இன்னும் தெளியவில்லை என்று வீட்டில் வந்து சொன்னேன்.